பள்ளி–பெற்றோர் உடன்படிக்கை: கையொப்பம் யாருடையது, கடமை யாருடையது?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் பெற்றோர் முன் வைக்கப்படும் தாள்களுள் ஒன்று உறுதிமொழிப் படிவம். பல தனியார் பள்ளிகளில் இது வழக்கமாகிவிட்டது. பிள்ளையை நாள்தோறும் அனுப்புவேன், வீட்டுப்பாடம் செய்ய வைப்பேன், கட்டணத்தை உரிய நாளில் செலுத்துவேன், ஒழுங்கு விதிகளை மீறினால் நிர்வாகம் எடுக்கும் எந்த முடிவுக்கும் கட்டுப்படுவேன் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். கீழே பெற்றோர் கையொப்பமிடவோ பெருவிரல் ரேகை வைக்கவோ இடம் இருக்கும். பள்ளி என்ன செய்யும் என்பதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பிள்ளை படிப்பில் பின்தங்கினாலோ வகுப்பில் ஏதேனும் சிக்கல் எழுந்தாலோ, கோப்பிலிருந்து முதலில் எடுக்கப்படுவது இந்தத் தாள்தான்.

குழந்தையின் கல்விக்காகப் பள்ளியும் பெற்றோரும் எழுத்து வடிவில் உடன்படுவது தவறன்று. சில நாடுகளில் அது சட்டத்திலேயே இடம்பெற்றது. ஆனால் அந்தச் சட்டங்கள் கேட்டது இரு தரப்பு உறுதிமொழியை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்த ஏற்பாடு எவ்வாறு அமைந்தது, இந்தியச் சட்டம் இதே பொருளில் என்ன சொல்கிறது, ஒருதலையான படிவத்தில் கையொப்பமிட்ட தலித் பெற்றோரின் உரிமை என்னவாகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அமெரிக்கா: நிதியோடு பிணைந்த உடன்படிக்கை

வறுமை ஒழிப்புத் திட்டங்களின் ஒரு பகுதியாக, 1965-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் 'முதல் தலைப்பு' எனப்படும் பகுதி, வறிய குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் பள்ளிகளுக்கு ஒன்றிய அரசின் நிதியை வழங்குகிறது. 1994-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, இந்நிதியைப் பெறும் ஒவ்வொரு பள்ளியும் பெற்றோருடன் சேர்ந்து 'பள்ளி–பெற்றோர் உடன்படிக்கை' ஒன்றை உருவாக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. 2015-இல் நிறைவேறிய 'ஒவ்வொரு மாணவரும் வெற்றி பெறும் சட்டம்' அவ்விதியைத் தொடர்கிறது. இப்போது அது 1116-ஆம் பிரிவில் உள்ளது.

அவ்விதி பள்ளியின் பொறுப்பிலிருந்து தொடங்குகிறது. தரமான பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும், கற்றலுக்கு ஏற்ற சூழலையும் பள்ளி தரவேண்டும் என்பதை உடன்படிக்கை விவரிக்க வேண்டும். அதன் பிறகே, பிள்ளையின் கற்றலுக்குப் பெற்றோர் எவ்வெவ்வாறு துணைநிற்பர் என்பது வருகிறது. தொடக்கப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆசிரியரும் பெற்றோரும் சந்தித்து, அந்தக் குழந்தையின் கல்வியோடு பொருத்தி உடன்படிக்கையைப் பேசவேண்டும். பிள்ளையின் முன்னேற்றம் குறித்த அறிக்கைகளைப் பெற்றோருக்கு அடிக்கடி தரவேண்டும். ஆசிரியர்களைச் சந்திக்கவும் வகுப்பறையைப் பார்வையிடவும் பெற்றோருக்கு வாய்ப்பு இருக்கவேண்டும். கூடுமானவரை குடும்பத்தினர் புரிந்துகொள்ளும் மொழியில் இருவழித் தொடர்பு நடைபெற வேண்டும். இந்த மொழிக் கூறு 2015-இல் சேர்ந்தது.

பணமும் இதில் உண்டு. 5 லட்சம் டாலருக்கு மேல் இந்நிதியைப் பெறும் கல்வி மாவட்டம், அதில் குறைந்தது 1 விழுக்காட்டைப் பெற்றோர் பங்கேற்புக்காக ஒதுக்க வேண்டும்.

குறையும் உண்டு. பள்ளி தன் சொல்லைக் காப்பாற்றாவிட்டால் பெற்றோர் எங்கே போவது என்ற கேள்விக்கு உடன்படிக்கையில் விடை இல்லை. நியூவார்க் நகரப் பெற்றோர் தொடுத்த வழக்கில், பெற்றோருக்குத் தகவல் தருதல், கூடுதல் பயிற்சி அளித்தல் ஆகியவை குறித்த இச்சட்டத்தின் விதிகளைச் செயற்படுத்தக் கோரித் தனிநபர்கள் வழக்கிட முடியாது என்று மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. தீர்வு வழி இல்லாத உறுதிமொழி நல்லெண்ணத்தை மட்டுமே நம்பி நிற்கிறது.

இங்கிலாந்து: சேர்க்கைக்கு நிபந்தனை ஆகாத கையொப்பம்

இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டின் பள்ளித் தரநிலைகள், கட்டமைப்புச் சட்டம் 'இல்லம்–பள்ளி உடன்படிக்கை'யை அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கியது. பள்ளியின் நோக்கங்கள், பள்ளியின் பொறுப்புகள், பெற்றோரின் பொறுப்புகள், மாணவரிடம் எதிர்பார்க்கும் நடத்தை ஆகிய நான்கும் அதில் இடம்பெற வேண்டும். பெற்றோரிடம் கருத்துக் கேட்டே அதனை இயற்ற வேண்டும்.

நமக்கு முக்கியமானவை அச்சட்டம் விதித்த தடைகள். பிள்ளை சேர்க்கப்படும் முன்பு பெற்றோரிடம் கையொப்பம் கேட்கக் கூடாது. கையொப்பத்தைச் சேர்க்கைக்கு நிபந்தனை ஆக்கக் கூடாது. உடன்படிக்கையை மீறியதற்காக ஒப்பந்தச் சட்டத்தின் கீழோ தீங்கியல் சட்டத்தின் கீழோ எவர்மீதும் பொறுப்பு எழாது. கையொப்பம் கேட்கும் நிர்வாகமும் பிள்ளைக்கு இடம் கேட்கும் பெற்றோரும் சம வலிமை உடையவர்கள் அல்லர் என்பதை அச்சட்டம் கணக்கில் கொண்டிருந்தது. 2016 ஜனவரியில் இங்கிலாந்து இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. பள்ளிகள் விரும்பினால் தொடரலாம்.

இந்தியா: உடன்படிக்கை இல்லை, கடமைகள் உண்டு

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், 2009 பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையே தனி உடன்படிக்கை எதையும் கோரவில்லை. உடன்படிக்கையில் எழுதப்படக்கூடிய பலவற்றை அது நேரடியாகச் சட்டக் கடமைகளாகவே ஆக்கியுள்ளது.

பெற்றோர் மீது அச்சட்டம் சுமத்தும் கடமை ஒன்றே ஒன்று. 10-ஆம் பிரிவின்படி, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதை மீறும் பெற்றோருக்குச் சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. 2002-இன் 86-ஆம் திருத்தம் அரசமைப்பில் சேர்த்த 51ஏ(கே) உறுப்பும் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமை என்கிறது. ஆனால் அதே திருத்தம்தான் 21ஏ உறுப்பின் வழியாக, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கல்வி தரும் பொறுப்பை அரசின் மீது வைத்தது.

மறுபுறம் உள்ள பட்டியல் நீளமானது. நலிந்த பிரிவினரின், பின்தங்கிய பிரிவினரின் குழந்தைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காப்பது அரசின், உள்ளாட்சி அமைப்பின் கடமை (பிரிவுகள் 8, 9). நன்கொடை வாங்குவதும், சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதும் குற்றம் (பிரிவு 13). தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது (பிரிவு 16). 2019-இன் திருத்தம் 5, 8-ஆம் வகுப்புகளில் நிறுத்திவைக்க இடமளித்தாலும் வெளியேற்றத் தடை அப்படியே நீடிக்கிறது. உடல் தண்டனைக்கும் மன உளைச்சல் தருவதற்கும் தடை உண்டு (பிரிவு 17). பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்றல் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைப்பது ஆசிரியரின் சட்டக் கடமை (பிரிவு 24). மாற்றுச் சான்றிதழைத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் (பிரிவு 5).

பெற்றோரின் கூட்டுக் குரலுக்கான அமைப்பு பள்ளி மேலாண்மைக் குழு. 21-ஆம் பிரிவின்படி அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப்பேர் பெண்கள்; நலிந்த, பின்தங்கிய பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் உண்டு. குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசின் நிதி ஒதுக்கீட்டுக்கு அடிப்படை ஆகவேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 2022-இல் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. நம் சட்டத்தில் உடன்படிக்கைக்கு மிக நெருங்கிய ஆவணம் இந்த மேம்பாட்டுத் திட்டமே. அதைக் கேட்டு வாங்கிப் படித்த பெற்றோர் மிகக் குறைவு.

இடைவெளிகளும் உள்ளன. அரசு நிதி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆம் பிரிவு பொருந்தாது. ஆகவே 12(1)(சி) பிரிவின் 25 விழுக்காட்டு இடங்களில் சேரும் தலித் குழந்தையின் பெற்றோருக்கு, அப்பள்ளியில் சட்டப்படியான குழு இல்லை. அவர்கள் தனியாக நிற்கிறார்கள். உறுதிமொழிப் படிவமும் அவர்களிடமே நீட்டப்படுகிறது. உதவிபெறும் பள்ளிகளில் குழுவின் பணி ஆலோசனை கூறுவதோடு முடிகிறது. 2014-இன் பிரமதி தீர்ப்புப்படி சிறுபான்மையினர் பள்ளிகள் இச்சட்டத்துக்கே வெளியே உள்ளன. எட்டாம் வகுப்புக்கு மேல் இச்சட்டத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

கையொப்பமிட்டால் உரிமை போய்விடுமா?

போகாது. சட்டம் தடைசெய்த ஒன்றைச் செய்யவோ, சட்டத்தின் நோக்கத்தை முறியடிக்கவோ, பொதுக் கொள்கைக்கு எதிராகவோ அமையும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. வெளியேற்றத்துக்குச் சம்மதம் என்று எட்டாம் வகுப்பு மாணவரின் தாய் எழுதித் தந்திருந்தாலும், 16-ஆம் பிரிவின் தடையை அத்தாள் நீக்கிவிடாது.

அடிப்படை உரிமையை எவரும் எழுதிக்கொடுத்துவிட முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் உறுதியான நிலைப்பாடு. 1985-இன் ஓல்கா டெல்லிஸ் வழக்கு இதற்குப் பொருத்தமானது. பம்பாய் நடைபாதைவாசிகள் தரப்பில் உயர் நீதிமன்றத்தில், நடைபாதையில் குடிசை போட அடிப்படை உரிமை கோரவில்லை என்றும், குறிப்பிட்ட நாளுக்குப் பின் அகற்றுவதைத் தடுக்க மாட்டோம் என்றும் சொல்லப்பட்டிருந்தது. அதனால் அவர்கள் உச்ச நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்று மாநகராட்சி வாதிட்டது. அரசமைப்புக்கு எதிராக அத்தகைய முரண்தடை இல்லை, அடிப்படை உரிமையைத் துறக்க முடியாது என்று நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. உயர் நீதிமன்றத்தில் சொன்ன சொல்லே உரிமையைப் பறிக்காது என்றால், சேர்க்கை மேசையில் வாங்கிய கைநாட்டு எப்படிப் பறிக்கும்?

சாதிய நோக்கில் ஒரு குழந்தையைப் பள்ளிக்குள் நுழையவிடாமல் தடுத்தால், அங்கே படிவத்துக்கு வேலையே இல்லை. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் கல்வி நிறுவனத்துக்குள் நுழைவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம்.

பள்ளி எழுதித் தரவேண்டியவை

'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்பது தலித் குழந்தையின் கல்விக் குறைவுக்கு எளிதில் சொல்லப்படும் காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கவேண்டும் என்று கோரி, அய்யன்காளியின் தலைமையில் திருவிதாங்கூரின் நிலமற்ற கூலிகள் வயலில் இறங்க மறுத்தார்கள். பசியைப் பணயம் வைத்த அந்தப் பெற்றோரின் வழிவந்தவர்களிடம் அக்கறைச் சான்று கேட்பது வரலாற்றை மறந்த செயல். பகல் பதினொரு மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தால், வருவதற்கு ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். அந்த இழப்பை எந்தப் படிவமும் கணக்கிடுவதில்லை.

ஆகவே உடன்படிக்கை தேவையா என்று கேட்டால், பள்ளியின் கடமைகளை முதலில் எழுதும் உடன்படிக்கை தேவை என்பதே என் விடை. அதில் குறைந்தது இவை இடம்பெற வேண்டும்:

• கழிவறை, வகுப்பறைத் தூய்மைப் பணிகளில் எந்தக் குழந்தையையும் ஈடுபடுத்த மாட்டோம்.
• சத்துணவிலும் இருக்கையிலும் குடிநீரிலும் பிரித்துவைக்க மாட்டோம். சாதிப் பெயரால் அழைக்க மாட்டோம்.
• குழந்தையால் எதை வாசிக்க, எதைக் கணக்கிட முடிகிறது என்பதைப் பருவந்தோறும் பெற்றோருக்குப் புரியும்படி நேரில் சொல்வோம்.
• கூட்டங்களை வேலைநேரத்துக்குப் பின் நடத்துவோம். தேவையானால் குடியிருப்புக்கே வருவோம்.
• கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை உரிய நாளுக்குள் அனுப்பி, அதன் நிலையைத் தெரிவிப்போம்.
• புகார் தந்த குடும்பத்தின் பிள்ளையைப் பழிவாங்க மாட்டோம்.

இது மிகையான கோரிக்கை அன்று. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. மாணவர்கள் சாதி அடையாள வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பதும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் செய்வதும் அதன் பரிந்துரைகளுள் அடங்கும். பள்ளிக்குள் சாதி இயங்குகிறது என்பதை அரசு அமைத்த குழுவே ஏற்றபின், அதைத் தடுக்கும் பொறுப்பை எழுத்தில் ஏற்கப் பள்ளி தயங்குவதற்குக் காரணம் இல்லை.

படிவம் நீட்டப்படும்போது

முதலில், தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் கேளுங்கள், தர மறுத்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையொப்பத்தின் மேல் 'சட்டம் எனக்கும் என் பிள்ளைக்கும் தரும் உரிமைகளுக்கு உட்பட்டு' என்று ஒரு வரி எழுதுங்கள். கையொப்பமின்றிச் சேர்க்க மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

குழந்தையின் உரிமை மீறப்பட்டால், 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு தரவேண்டும். நிறைவு இல்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அரசுப் பள்ளியானால், மேலாண்மைக் குழுவின் தீர்மானங்களையும் மேம்பாட்டுத் திட்டத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டால், 30 நாளுக்குள் விடை வரவேண்டும். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால், மேற்கண்ட ஆறு உறுதிமொழிகளையும் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

அடுத்த கல்வியாண்டில் அந்தத் தாளை உங்கள் முன் வைத்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: தலைமையாசிரியர் கையொப்பமிடும் இடம் இதில் எங்கே இருக்கிறது?