எழுத்தறிவித்த தீவின் மரியா



ஆண்டுதோறும் அக்டோபர் 15ஆம் நாளைப் பிரேசில் நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. நம் நாட்டில் 1962ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 5ஆம் நாள் ஆசிரியர்களை நினைவுகூருகிறோம். அதனோடு டாக்டர் ராதாகிருஷ்ணனின் பெயரும் நம் நினைவுக்கு வருகிறது. பிரேசிலின் ஆசிரியர் தினத்திற்குப் பின்னாலும் ஒரு பெயர் உண்டு. அது அந்தோனியேத்தா தெ பாரோஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் பெயர். அவர் துணி வெளுத்துப் பிழைத்த ஒரு தாயின் மகள், ஆசிரியர், எழுத்தாளர், தம் மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்.

பிரேசிலின் தென்பகுதியில் சாந்தா கத்தரீனா என்னும் மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் ஃப்ளோரியனோபோலிஸின் பழைய நகரம் ஒரு தீவில் அமைந்தது. 1894ஆம் ஆண்டு வரை அந்நகருக்கு ‘தெஸ்தேரோ’ என்று பெயர். நாடுகடந்து வாழ்தல் என்பது அதன் பொருள். பாலகனாகிய இயேசுவை எடுத்துக்கொண்டு யோசேப்பும் மரியாளும் எகிப்துக்கு ஓடிப்போனதன் நினைவாக இடப்பட்ட பெயர் அது. அந்நகரிலே 1901ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் அந்தோனியேத்தா பிறந்தார். அவருடைய தாய் கத்தரீனா, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர். தந்தை இளமையிலேயே இறந்துபோக, தாய் துணி வெளுத்தும், தம் சிறிய வீட்டை மாணவர் தங்கும் விடுதியாக்கியும் பிள்ளைகளை வளர்த்தார்.

அக்காலத்து நிலையை நாம் அறிந்துகொள்வது நல்லது. பிரேசிலில் அடிமைமுறையை ஒழித்த சட்டம் 1888ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் நிறைவேறியது. அச்சட்டத்தில் இரண்டே பிரிவுகள் இருந்தன. அடிமைமுறை ஒழிந்தது என்றது ஒன்று; அதற்கு மாறான சட்டங்கள் செல்லாது என்றது மற்றொன்று. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் உண்டா, பள்ளி உண்டா, பிழைப்புக்கு வழி உண்டா என்பதைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மேலும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்நாட்டில் வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தது. அவ்வுரிமை அவர்களுக்கு மீண்டும் கிடைத்தது 1985ஆம் ஆண்டில்தான். விலங்கு கழன்றது, ஆனால் எழுத்தறியாதவனுக்கு ஊராட்சியிலும் நாட்டாட்சியிலும் குரல் இல்லை. பள்ளிக்கூடத்தை எட்டாத மக்களுக்கு அகரமுதல் எழுத்துகளே ஒரு மதிற்சுவராக நின்றன.

அந்தோனியேத்தா அந்தச் சுவரைக் கண்டுகொண்டார். அவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும் அதை நோக்கியே சென்றது. 1921இல் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். அடுத்த ஆண்டே, தம் 21ஆம் வயதில், ஏழைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஒரு பள்ளியைத் தம் பெயரிலேயே தொடங்கினார். பின்னாளில் அரசுப் பள்ளியில் ஆசிரியரானபோதும், சட்டமன்ற உறுப்பினரானபோதும், அந்தச் சிறு பள்ளியை அவர் கைவிடவில்லை. அவர் இறந்தபின் அவருடைய சகோதரி அதனை ஏற்று 1964 வரை நடத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற பணி அது.

பள்ளி தொடங்கிய அதே 1922இல் ‘வாரம்’ என்று பொருள்படும் பெயருடைய ஓர் இதழையும் அவர் தொடங்கி ஐந்து ஆண்டுகள் நடத்தினார். ‘தீவின் மரியா’ என்னும் புனைபெயரில் செய்தித்தாள்களில் கட்டுரைகள் எழுதினார். பெண்களின் கல்வியும் ஏழைகளின் கல்வியும் அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட பொருள்கள். 1937இல் அக்கட்டுரைகள் நூலாயின. அந்நூலின் தலைப்பைத் தமிழில் ‘கருத்துக் கந்தல்கள்’ எனலாம். பிறருடைய துணியை வெளுத்த தாயின் மகள் தம் நூலுக்குக் கந்தல் என்று பெயரிட்டது நம்மைச் சற்று நின்று எண்ணச் செய்கிறது. அதன் முதற் பதிப்பின் வருவாயை, தொழுநோயால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்திற்கு அவர் அளித்தார்.

1932ஆம் ஆண்டில் பிரேசில் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். இரண்டே ஆண்டுகளில், 1934 தேர்தலில், அந்தோனியேத்தா வேட்பாளராக நின்றார். 1935இல் சட்டமன்றத்தில் தம் இடத்தை ஏற்றார். அங்கே மாநிலத்தின் புதிய அரசியலமைப்பு உருவானபோது, கல்வியும் பண்பாடும் பற்றிய பகுதியின் பொறுப்பு அவரிடம் வந்தது. வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிய கை இப்பொழுது சட்டத்தை எழுதியது. ஆனால் அவ்வாய்ப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1937 நவம்பரில் கெத்தூலியோ வர்காஸ் சர்வாதிகார ஆட்சியை நிறுவி, சட்டமன்றங்கள் யாவற்றையும் கலைத்தார். அந்தோனியேத்தா தம் மாணவரிடம் திரும்பினார். 1944 முதல் 1951 வரை அவ்வூரின் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திற்குத் தலைமை தாங்கினார்.

மக்களாட்சி திரும்பியபின் 1947 தேர்தலில் மீண்டும் நின்றார். 1948இல் மறுபடியும் சட்டமன்றத்தில் அமர்ந்தார். ஆசிரியர் பணியிடங்கள் செல்வாக்குள்ளவர்களின் பரிந்துரையால் நிரப்பப்படாமல் தேர்வின் வழியே நிரப்பப்படவேண்டும் என்றும், ஏழை மாணவர்கள் உயர்கல்வி பெற உதவித்தொகை வேண்டும் என்றும் குரல் கொடுத்தார். அந்த ஆண்டு அக்டோபரில்தான், அவருடைய முயற்சியால், அக்டோபர் 15ஆம் நாள் சாந்தா கத்தரீனாவில் ஆசிரியர் தினமாகச் சட்டமாயிற்று. 1963இல் நாடு முழுவதும் அந்நாளை ஏற்றுக்கொண்டது.

அந்த நாளுக்கு ஒரு பின்னணி உண்டு. 1827ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், பேரரசர் முதலாம் பேத்ரோ, மக்கள் மிகுந்த ஊர்களிலெல்லாம் தொடக்கப் பள்ளிகள் அமையவேண்டும் என்று ஆணையிட்டார். ஆனால் அன்று அடிமைகள் குடிமக்களாக எண்ணப்படவில்லை. அந்தக் கல்வி அவர்களுக்கென்று அமைந்ததன்று. 121 ஆண்டுகள் கழித்து, அடிமையாயிருந்த ஒரு தாயின் மகளே சட்டமன்றத்தில் நின்று, அதே நாளை ஆசிரியர்களுக்குரிய நாளாக ஆக்கினார். தம் முன்னோரைப் புறம்பே நிறுத்திய நாளை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. அதை எல்லாருக்கும் உரியதாக்கினார்.

இத்தனைக்குப் பின்னும் இழிசொல் அவரை விடவில்லை. 1951இல் அரசியல் எதிரணியைச் சேர்ந்த, நன்கு கற்ற ஒருவர், அவருடைய எழுத்தை அடிமைக் குடிசையின் மலிவான வம்புப்பேச்சு என்னும் பொருள்பட ஏளனம் செய்தார். அந்தோனியேத்தா பத்திரிகையிலேயே மறுமொழி எழுதினார். தம் நிறத்தை மறைக்கவுமில்லை, அதற்காக நாணவுமில்லை. கற்றவர் என்னும் பெயர் ஒருவருக்குப் பண்பைத் தந்துவிடுவதில்லை என்பதற்கும், எழுத்தறிவு எளியவருடைய கையில் எத்தகைய காவலாகிறது என்பதற்கும் அந்நிகழ்ச்சி ஒன்றே சான்றாகும்.

மறு ஆண்டு, 1952 மார்ச் 28ஆம் நாள், தம் ஐம்பதாம் வயதில் அவர் இறந்தார். பிரேசிலின் தலைநகரில், எஃகுத் தாள்களாலான ஒரு நூலில் அந்நாட்டின் வீரர்களுடைய பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அந்தோனியேத்தாவின் பெயரையும் அதில் சேர்க்கச் சட்டம் வந்தது.

ஆசிரியர், எழுத்தாளர், அரசியல்வாதி என்று அவரை மூன்றாகப் பிரித்துப் பேசுவது நம் வழக்கம். அவருக்கோ அவை ஒரே பணி. பிறர் எழுத்தறிய வேண்டும் என்று கற்பித்தார். கற்றவர்கள் சிந்திக்க வேண்டும் என்று எழுதினார். கல்வி ஒருவருடைய இரக்கத்தை நம்பி நிற்கலாகாது என்று சட்டத்திற்காக உழைத்தார்.

அன்பானவர்களே, நம் தெருக்களிலும் இன்னும் கைநாட்டு வைக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். வங்கிப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுதித் தருவார் யாரேனும் உண்டா என்று தயங்கி நிற்கிறார்கள். படிவத்தை நிரப்பிக் கொடுப்பது அன்றைய உதவி. அருகில் அமர்ந்து, அவர் தம் பெயரைத் தாமே எழுதக் கற்பிப்பது அவருடைய வாழ்நாள் முழுமைக்குமான உதவி. தீவின் மரியா தம் 21ஆம் வயதில் தொடங்கியது அவ்வளவே.