கல்வெட்டு யாருக்குச் சொந்தம்?

காஞ்சிபுரத்தை ஒட்டிய நெசவு ஊர் ஐயம்பேட்டை. அங்கே தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், உத்திரமேரூர் கல்வெட்டை வைத்து ஒரு காலண்டர் அடித்து விற்க ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919லும் 921லும், குடவோலைத் தேர்தல் விதிகளை ஊர்ச் சபை சுவரிலேயே வெட்டி வைத்தது. எதற்கு? நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதானே!

கல்லில் இருந்தது காகிதத்துக்கு வந்ததும் கதை மாறியது. தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வெங்கையா இதைப் பதிப்பித்தார். அதை எடுத்துப் போட்டால் பயமில்லை. சமீபத்தில் அரசு வெளியிட்ட புத்தகத்துப் படம் என்றால்? 1957 காப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியீட்டுக்கு அரசே உரிமையாளர். 60 வருடம் வரை. சட்டங்கள், கோர்ட் தீர்ப்புகள் மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. வரி கட்டியது நாம், அனுமதி கேட்க வேண்டியதும் நாமேதான்!

இதே சிக்கலைத் தமிழ்நாடு முன்பே பார்த்திருக்கிறது. பாரதியார் 1921ல் மறைந்தார். அவர் பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949ல் ஓமந்தூரார் அரசு பாரதியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. செட்டியாரும் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். உடனே ஜனங்கள் கைக்கு வந்ததா? இல்லை சார். 1955ல்தான் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்று ஆனது. சாவி அரசாங்கத்திடம் வந்தாலும் கதவு தானாகத் திறக்காது.

கதவைத் திறக்கும் அந்தச் சீட்டுக்குப் பெயர்தான் திறந்த உரிமம். பிரிட்டன் 2010ல் ஒன்று கொண்டுவந்தது. மத்திய அரசு 2012ல் புள்ளிவிவரங்களைப் பொதுவில் வைக்கும் கொள்கை அறிவித்து, 2017 பிப்ரவரியில்தான் அதற்கு உரிமம் வெளியிட்டது. எங்கே எடுத்தாய் என்று சொல், அரசே சிபாரிசு செய்வது போலக் காட்டாதே, அப்புறம் விற்றுக்கூடப் பிழைத்துக்கொள் என்கிறது அது. ஆனால் அந்தக் கொள்கைக்குள் வரும் தரவுகளுக்குத்தான் செல்லும். எல்லா அரசுப் படங்களுக்கும் அல்ல.

'வியாபாரத்துக்குக் கூடாது' என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பெரிய கம்பெனி வக்கீலை வைத்துத் தனி அனுமதி வாங்கிவிடும். காகிதக் காசையாவது எடுக்க நினைக்கும் நம் பையன்தான் மாட்டுவான்.

அடுத்த தடவை அரசு வெளியீடு எதையாவது புரட்டினால், அடியில் இருக்கும் பொடி எழுத்தையும் படியுங்கள். பையனின் காலண்டர் அங்கேதான் காத்திருக்கிறது.