தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இயற்கை வேளாண்மையும் தூய ஆற்றலும்: இளைஞர் பங்கு

திருநெல்வேலி வட்டாரத்தில் உழவும் மின்சாரமும் ஒரே ஆற்றை நம்பி வளர்ந்தவை. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசி அணைக்கட்டு மட்டுமே ஆங்கிலேயர் கட்டியது. ஏனைய ஏழும் அவர்களுக்கு முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் கால்களும் மடைகளும் நஞ்சையில் கார், பிசானம் என இருபோக நெல்லுக்கு நீர் தந்தன.

1880-களில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை வைக்கப் பாபநாசம் அடிவாரத்தைத் தேர்ந்தார்கள். பருத்தி விளைவது அங்கல்ல, கோவில்பட்டிக் கரிசலில். அவர்களுக்கு வேண்டியிருந்தது அருவியின் வீழ்ச்சி. நிலக்கரிக்குப் பதில் ஆற்று நீரே எந்திரத்தைச் சுழற்றியது. விக்கிரமசிங்கபுரமும் அம்பாசமுத்திரத்தைச் சுற்றிய ஊர்களும் 'மில் வேலை' என்ற சொல்லைக் கற்றது அப்போதுதான். இவ்வட்டாரத்தில் தூய ஆற்றலின் பக்கம் இளைஞரைத் திரட்டிய முதல் அமைப்பு இந்த மில்லே. வயலிலிருந்து அவர்களைப் பிரித்ததும் அதுவே. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இங்கே மின்சாரம் எடுத்தபின் தண்ணீர் வீணாவதில்லை. சுழலியை விட்டு வெளியேறி அணைக்கட்டுகளுக்கே போய்ச் சேருகிறது. சேர்வலாறு நிலையம் 1986-இல் வந்தது.

புஞ்சையின் கதை வேறு. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களின் தொடக்கத்தில் பணியாற்றிய இளம் பட்டதாரி கோ. நம்மாழ்வார், மழை பொய்த்தால் உரத்துக்குப் போட்ட காசும் போய்விடும் மானாவாரி உழவரின் நிலை கண்டு அரசு வேலையை உதறினார். பின்னர் களக்காட்டில், நோபல் பரிசு பெற்ற தொமினிக் பியர் தொடங்கிய 'அமைதித் தீவு' அமைப்பில் ஏறத்தாழப் பத்தாண்டு பணிபுரிந்தார். தமிழக இயற்கை வேளாண்மை இயக்கத்தின் நாற்றங்கால் தஞ்சையன்று, இந்தக் கரிசலும் களக்காடுமே. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் (1937) அம்பை 16 போன்ற ரகங்கள் நாட்டு நெல்லை ஓரங்கட்டிவிட்டதால், பழைய விதைகளை இன்றைய இளைஞர்கள் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

காற்றாலைகள் 1986 முதல், தூத்துக்குடியில் தொடங்கி, பணகுடி, வள்ளியூர், கயத்தாறு எனப் பரவின. ஊரார் இவற்றைக் 'காத்தாடி' என்பர். ஐ.டி.ஐ. படித்த பையன்கள் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு கோபுரத்தின் உள்ளேணியில் ஏறிப் பழுது பார்க்கிறார்கள்; கீழே ஆடு மேய்கிறது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் இவர்களுக்கு ஓய்வில்லை.

மாநில இயற்கை வேளாண்மைக் கொள்கை 2023-இல் வெளியானது. சூரிய ஆற்றலைப் பொறுத்தவரை, வேளாண் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருப்பதால் சூரிய பம்பு மெதுவாகவே பரவுகிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த டாட்டா பவர் சோலார் ஆலையில் (4.3 கிகாவாட்) பணிபுரிவோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.