கைப்பிடி இருந்த இடம்

'கன்ட்ரி ரோட்ஸ்' பாட்டுக்காரர் ஜோன் டென்வர் விமான விபத்தில் இறந்தவர் எண்டு பலருக்குத் தெரியும். என்ன விமானம் எண்டு கேட்டால்தான் கதை வேறு பக்கம் போகும். அது தொழிற்சாலையில் செய்தது இல்லை. ஒருவர் வரைபடத்தைப் பார்த்துத் தன் கையாலேயே கட்டிய, இரண்டு பேர் மட்டும் ஏறக்கூடிய 'லோங்-ஈஸி'.

லோங்-ஈஸியை வடிவமைத்தவர் கலிபோர்னியாவின் மொஹாவியில் இயங்கிய பேர்ட் ரூட்டான். 1979இல் அது முதன்முதலாகப் பறந்தது. ரூட்டான் மற்றவர்களுக்கு விற்றது விமானத்தை அல்ல, வரைபடத்தை. ரெஜிபோம் மாதிரியான நுரைக்கட்டியைச் சூடான கம்பியால் அறுத்து, மேலே பைபர் கிளாஸ் துணியை எபொக்சியால் ஒட்டினால் இறக்கை உருவாகும். விலைகூடிய அச்சுகள் தேவையில்லை, வீட்டுக் கராஜ் போதும்.

வடிவமும் வித்தியாசமானது. இயந்திரம் பின்னால், ஒரு சிறிய இறக்கை மூக்குப் பக்கம். வேகம் குறையும்போது அந்தச் சிறிய இறக்கைதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். உடனே மூக்குத் தாழும். பெரிய இறக்கை தொடர்ந்து தாங்கும். பொழுதுபோக்காகப் பறப்பவர்கள் விடும் ஆபத்தான தவறொன்றுக்கு வடிவத்திலேயே வைத்த காவல் அது. வரைபடத்தை மட்டும் மதிப்பிட்டால் நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் வரைபடம் பறப்பதில்லையே. அமெரிக்காவில் இப்படிப்பட்ட விமானங்கள் 'பரிசோதனை' வகைக்குள் வரும். பெரும்பகுதியை ஆர்வலர்களே கட்டியிருக்க வேண்டும். கட்டுபவர் விரும்பினால் வரைபடத்தை மாற்றலாம். டென்வர் வாங்கிய விமானத்தில் அப்படி ஒரு மாற்றம் இருந்தது. எந்தத் தாங்கியில் இருந்து எரிபொருள் எடுப்பது எண்டு தெரிவுசெய்யும் கைப்பிடி, ரூட்டானின் வரைபடத்தில் விமானியின் கால்களுக்கு இடையில் இருக்கும். எரிபொருள் குழாய்கள் விமானி இருக்கும் அறைக்குள் வரக்கூடாது எண்டு நினைத்த கட்டுநர், அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். நியாயமான யோசனைதான். ஆனால் அதைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டும்.

இந்தக் குறை யாருக்கும் தெரியாமல் இருக்கவில்லை என்பதுதான் மனதை உறுத்துவது. 1997 ஒக்டோபர் 12, புறப்படுவதற்கு முன்பு டென்வரும் ஒரு தொழில்நுட்பவியலாளரும் அதைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். கைப்பிடியை நீட்டக் குறடு ஒன்றைப் பூட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. எரிபொருள் அளவைப் பின்பக்கம் பார்க்க ஒரு சிறு கண்ணாடி கொடுக்கப்பட்டது. எரிபொருள் நிரப்பவா எண்டு கேட்டதற்கு, சிறிது நேரந்தானே பறக்கப்போகிறேன் எண்டு டென்வர் வேண்டாம் என்றார். மாலை 5.12க்கு மொன்டெரேயில் கிளம்பிய விமானம் கால் மணித்தியாலம் அளவில் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 53.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்தது. இடப்பக்கம் திரும்பிக் கைப்பிடியை எட்டும்போது வலது கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்தும் எண்டு கண்டது. எரிபொருள் நிரப்பாதது, இந்த ரக விமானத்தில் போதிய பயிற்சி இல்லாதது, அடையாளமிடாத கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்த கட்டுநரின் முடிவு எல்லாவற்றையும் காரணங்களில் சேர்த்தது. டென்வர் 2,700 மணித்தியாலங்களுக்கு மேல் பறந்தவர். அந்த அனுபவம் வேறு விமானங்களில் சேர்ந்தது.

ஏட்டுச்சுவடி படித்தவர்களுக்கு இது விளங்கும். நூல் ஒன்றுதான், ஆனால் பிரதி எடுத்தவரின் கை ஒவ்வொரு சுவடியிலும் இருக்கும். பாடபேதத்தைப் பார்க்காமல் நூலைப் பற்றிப் பேச முடியாது. கையால் கட்டிய விமானமும் அப்படித்தான். 'லோங்-ஈஸி நல்லதா?' எண்டு கேட்பதைவிட, 'இந்த லோங்-ஈஸியில் யார், எதை, ஏன் மாற்றினார்?' எண்டு கேட்க வேண்டும். இருக்கையில் இருந்து, பட்டியைப் பூட்டி, ஒவ்வொரு கைப்பிடியையும் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டாத ஒன்று இருந்தால் அதைத் திருத்தும்வரை தரையிலேயே நிற்க வேண்டும். அண்டைக்கு மொன்டெரேயில் சோதனை நடந்தது, குறையும் பிடிபட்டது. திருத்துவதுதான் பிறகு பார்க்கலாம் எண்டு விடப்பட்டது.