தசையின் பிறப்பும் அண்டைத் திசுக்களும்

முதுகெலும்புள்ள உயிரிகளின் எலும்புத்தசைகளுள், தலைத்தசைகள் பலவற்றை நீக்கினால், எஞ்சியவை எல்லாம் சோமைட்டு எனப்படும் சிறு திசுக்கட்டிகளிலிருந்து பிறக்கின்றன. சோமைட்டுகள் கருவின் முதுகுப்புறத்தில், பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகவிருக்கும் நரம்புக்குழலுக்கு இருமருங்கிலும் இணையிணையாகத் தோன்றுபவை. கோழிக்கருவில் அடைகாத்தலின் முதல்நாள் முடிவையொட்டித் தொடங்கி, ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஓர் இணை என்ற ஒழுங்கில் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக வரிசை நீள்கிறது. ஒரு சோமைட்டின் உயிரணு தசையாவது அதன் உள்ளியல்பாலா, அல்லது அதைச் சூழ்ந்துள்ள திசுக்களின் ஏவலாலா என்ற வினாவே கருவளர்ச்சியியலின் ஒரு நூற்றாண்டுக்கால ஆய்வுகளை நடத்திச் சென்றது.

இவ்வினாவுக்கு முன்னிருந்த காலம் காட்சியின் காலம். இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி 17ஆம் நூற்றாண்டில் நுண்ணோக்கியின் துணையோடு கோழிக்கருவை வரைந்தார்; 1828இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர், நரம்புக்குழலுக்கு அடியில் ஓடும் கோல் போன்ற முதுகுநாணை முதுகெலும்பிகளின் கருக்களுக்குப் பொதுவான உறுப்பாக விளக்கினார். எது எதன் அருகே உள்ளது என்பதை இத்தகைய வரைபடங்கள் காட்டினவேயன்றி, அருகிருப்பதனால் ஏதேனும் விளைகிறதா என்பதைக் காட்ட அவற்றால் இயலவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியரான வில்ஹெல்ம் ரூ கருவைத் தொட்டு, சிதைத்து, விளைவைப் பார்க்கும் சோதனை முறையை வற்புறுத்தியதோடு, ஒரு பகுதி தானாகவே உருப்பெறுவதைத் தன்வயமான வேறுபாடு என்றும், பிற பகுதிகளைச் சார்ந்து உருப்பெறுவதைச் சார்புடைய வேறுபாடு என்றும் பிரித்துப் பெயரிட்டார்.

சார்புக்கு வலுவான சான்று 1924இல் ஃப்ரைபர்க் நகரிலிருந்து வந்தது. ஹான்ஸ் ஸ்பெமானும் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டும், நியூட் எனப்படும் வாலுள்ள நீர்நில வாழ்வியின் இளங்கருவிலிருந்து, உயிரணுக்கள் உள்நோக்கிப் புகும் துளையின் முதுகுப்புற விளிம்பில் ஒரு துண்டை வெட்டி, நிறத்தால் வேறுபட்ட மற்றோர் இனக் கருவின் வயிற்றுப்பக்கத்தில் பொருத்தியபோது, அங்கே இரண்டாவது கருவுடல் ஒன்று எழுந்தது. அதன் நரம்புக்குழலிலும் சோமைட்டுகளிலும், ஒட்டப்பட்ட துண்டின் உயிரணுக்களோடு, ஏற்ற கருவின் உயிரணுக்களும் கலந்திருந்ததை நிறவேறுபாடு வெளிப்படுத்தியது. அதாவது, வேறு திசுவாக வளரவிருந்த உயிரணுக்கள் புதிய அண்டையின் தூண்டலால் சோமைட்டாயின. கட்டுரை வெளியான ஆண்டிலேயே மாங்கோல்ட் ஒரு விபத்தில் இறந்தார். ஸ்பெமானுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து வந்தோர் வினாவைச் சோமைட்டளவுக்குச் சுருக்கினர். நியூட் கருவிலிருந்து தனியே பிரித்த, சோமைட்டுகளுக்கு மூலமான நடு அடுக்குத் திசுவோடு முதுகுநாணையோ நரம்புத் திசுவையோ சேர்த்து வளர்த்தால் அதன் போக்கு மாறுவதை 1940இல் துனேவோ யமதா காட்டினார். 1953இல் ஹோவர்ட் ஹோல்ட்சரும் சாமுவேல் டெட்வைலரும், முதுகுநாணும் தண்டுவடமும் சோமைட்டின் உயிரணுக்களைக் குருத்தெலும்பாகத் தூண்டுவதை நிறுவினர். ஆயினும் ஒரு குறை நீடித்தது: கரு வளர வளர உயிரணுக்கள் இடம்பெயர்வதால், ஒரு தசை எங்கிருந்து வந்தது என்பதையே உறுதியாகக் கூற இயலவில்லை.

அக்குறையைத் தீர்த்தது காடை. காடையின் உயிரணு உட்கருவில் மரபுப்பொருளான குரோமட்டின் ஒரு பெருந்திரளாகச் செறிந்திருப்பதையும், கோழியின் உட்கருவில் அவ்வாறில்லை என்பதையும் கவனித்த நிக்கோல் லெ துவாரென், 1969இல் அதையே அழியாத அடையாளமாகப் பயன்படுத்தும் வழியைத் திறந்தார். காடையின் சோமைட்டைக் கோழிக்கருவில் நட்டு, சாயமேற்றிப் பார்த்தால், எந்த உயிரணு யாருடையது என்பது நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். இம்முறையால் 1970களில் போடோ கிறிஸ்ட் குழுவினரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும், இறக்கையின் தசைகள் இறக்கை மொட்டிலேயே தோன்றுவன அல்ல, சோமைட்டிலிருந்து குடிபெயர்ந்து வருவன என்று மெய்ப்பித்தனர். வேறிடத்துச் சோமைட்டை இறக்கைக்கு நேராக நட்டாலும் முறையான இறக்கைத் தசைகளே அமைந்தன. தசையின் வடிவத்தை வகுப்பது வந்து சேரும் உயிரணுவன்று, அதை ஏற்கும் இணைப்புத்திசு என்பது இதனால் விளங்கிற்று. 1992இல் சார்ல்ஸ் ஆர்டாலும் லெ துவாரெனும் புதிதாகத் தோன்றிய சோமைட்டின் உள்பாதியையும் வெளிப்பாதியையும் இடம்மாற்றி நட்டபோது, உயிரணுக்கள் பிறந்த இடத்துக்கேற்ப அல்லாமல், வைக்கப்பட்ட இடத்துக்கேற்பவே முதுகுத் தசையாகவோ கைகால், உடற்சுவர்த் தசையாகவோ ஆயின.

இக்காலத்தில் ஒரு முரண்பாடும் தலைதூக்கியது. நரம்புக்குழலையும் முதுகுநாணையும் அகற்றினால் முதுகுத் தசைகள் உருவாகவில்லை. ஆனால் கைகால் தசைகள் உருவாயின. மறுபுறம், கூடுதலாக ஒரு முதுகுநாணைச் சோமைட்டின் மேற்பக்கத்தில் வைத்தால், தசை பெருகுவதற்கு மாறாக, தசையாகவேண்டிய பகுதியும் குருத்தெலும்பின் வழியில் திரும்பியது. ஒரே திசு தசைக்கு இன்றியமையாததாகவும் பகையாகவும் எவ்வாறு இருக்கமுடியும் என்பதைக் கத்தியால் மட்டும் அவிழ்க்க இயலவில்லை.

விடை மரபணுக்களின் வழியே வந்தது. 1987இல் சியாட்டிலில் ஹரோல்ட் வைன்ட்ராப் குழுவினர், மயோ-டி என்ற ஒரே மரபணுவைச் செலுத்தி இணைப்புத்திசு உயிரணுக்களைத் தசையுயிரணுக்களாக மாற்றினர். 1993இல், இதையும் இதன் உறவான மிஃப்-5ஐயும் ஒருசேர இழந்த சுண்டெலிக்கு எலும்புத்தசையே இல்லை என்பது தெரிந்தது. அப்படியாயின், இம்மரபணுக்களை விழிக்கச் செய்வது எது? முதுகுநாணும் நரம்புக்குழலின் அடித்தளமும் சுரக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதமும், நரம்புக்குழலின் மேற்புறம் சுரக்கும் விண்ட் வகைப் புரதங்களும் இணைந்தே சோமைட்டில் தசை மரபணுக்களை இயக்குகின்றன என்று 1995இல் ஆண்ட்ரியா மியூன்ஸ்டர்பெர்கும் ஆண்ட்ரூ லாசர் குழுவினரும் காட்டினர். முதுகுநாணின் புரதம் தனித்து மிகுமிடத்தில் குருத்தெலும்பும், அது விண்ட் புரதத்தோடு கூடுமிடத்தில் தசையும் விளைவதால், முன்னைய முரண்பாடு அளவின் வேறுபாடாகக் கரைந்தது. பக்கவாட்டுத் திசு சுரக்கும் பிஎம்பி-4 என்ற புரதம் தசையாக்கத்தைத் தாமதப்படுத்துகிறது என்பதும் அடுத்த ஆண்டே வெளியாயிற்று. கைகால்களுக்குக் குடிபெயரவேண்டிய உயிரணுக்கள் வழியிலேயே முதிர்ந்துவிடாமல் காப்பதால், அண்டையின் தடையும் ஒருவகைத் துணையே ஆகிறது.

அண்டை என்பது நிலையாக அருகிருக்கவேண்டும் என்ற எண்ணமும் 2011இல் தளர்ந்தது. நரம்புக்குழலின் முகட்டிலிருந்து புறப்பட்டு வேறிடம் நோக்கிச் செல்லும் உயிரணுக்கள், சோமைட்டைக் கடந்து போகையில் அங்குள்ள சில உயிரணுக்களைச் சற்றே தொட்டு, நாட்ச் என்ற ஏற்பியைத் தூண்டி விலகுகின்றன. அத்தொடுகை குறுகியதாக இருந்தாலே தசையாக்கம் தொடங்குகிறது, நீடித்தால் தடைபடுகிறது என்று கிறிஸ்டோஃப் மார்செல் குழுவினர் கோழிக்கருவில் கண்டனர். தசையாகும் திறன் மயோ-டி போன்ற மரபணுக்களாக உயிரணுவுக்குள்ளேயே உறைகிறது. அது விழிக்கும் பொழுதையும் இடத்தையும் அண்டைத் திசுக்களே குறிக்கின்றன. ரூ எதிரெதிராக நிறுத்திய தன்வயமும் சார்பும் ஒரே நிகழ்வின் இரு படிகளாக இவ்வாறு இணைந்தன.