நந்தாவிளக்கும் கன்றுமேய்பாழும்

சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளுள் மிகப் பலவாகக் காணப்படுவன நந்தாவிளக்குக் கொடைகளாகும். கொடையாளர் 96 ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பர். மன்றாடி எனப்படும் இடையர் அவற்றை ஏற்று நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து தருவர். விளக்கு இரவும் பகலும் எரியும். இக்கொடைகளின் துணைகொண்டு அரசர்தம் ஆட்சியாண்டுகளையும் ஊர்ப்பெயர்களையும் அதிகாரிகளின் பட்டங்களையும் அறிஞர்கள் நிறுவியுள்ளனர். அக்கால்நடைகள் எதனைத் தின்று அந்நெய்யைத் தந்தன என்பதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எண்களை நோக்குவோம். முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுகள் நாள் ஒன்றுக்கு உழக்கு நெய்க்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்று வரையறை செய்கின்றன. எனவே ஒரு பசுவுக்கு இரண்டு ஆடுகளும், ஓர் எருமைக்கு ஆறு ஆடுகளும் ஈடாயின. இவ்வரையறை நாடெங்கும் ஒரே தன்மையதாக இருந்ததன்று. 90 ஆடுகளும் 32 பசுக்களும் கூறும் சோழநாட்டுக் கல்வெட்டுகள் உள. பாண்டிநாட்டில் 50 ஆடுகளால் ஒரு விளக்கு எரிந்ததும் உண்டு. எனினும், மூவகை விலங்குகளையும் ஒருங்கு நிறுத்தி ஈடு காட்டும் சிறப்பால் தஞ்சைக் கணக்கே நம் ஆராய்ச்சிக்கு ஏற்றது.

நான்கு உழக்கு ஒரு நாழி. ஆகவே ஓராண்டுக்குரிய 365 உழக்கு 91¼ நாழியாகும். இதனைப் பகுத்தால் ஆடு ஒன்றுக்கு ஆண்டில் ஒரு நாழிக்குச் சற்றுக் குறைவும், பசு ஒன்றுக்கு ஏறத்தாழ 1.9 நாழியும், எருமை ஒன்றுக்கு 5.7 நாழியும் வரும். மந்தையில் கறவை வற்றியவையும் சினையுற்றவையும் கலந்தே இருக்கும். கன்றும் குட்டியும் குடித்த பின்னரே கறவை. இடையர் குடும்பமும் அதனால் வாழ்தல் வேண்டும். இவையெல்லாம் எண்ணியே நெய்யளவு இவ்வளவு சிறிதாக வைக்கப்பட்டது போலும். ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரும் இதனையே வலியுறுத்தும். ஆடுகள் சாகாதவை அல்ல. செத்தவற்றுக்கும் மூத்தவற்றுக்கும் ஈடாகக் குட்டிகளை வளர்த்துத் தொகை குறையாமற் காத்தல் ஏற்றவர் கடன் என்பதே அதன் பொருள்.

இனி, ஆடும் பசுவும் 2:1 என்னும் கணக்கு தின்னும் தீனியின் அளவைக் குறிக்குமோ எனின், குறியாது என்க. உடல் எடைக்கும் உணவுத் தேவைக்கும் உள்ள தொடர்பை 1932இல் மாக்ஸ் கிளைபர் விளக்கினார். எடை பத்து மடங்காயின் தேவை பத்து மடங்காவதில்லை. ஐந்தரை மடங்கிற்குச் சற்று மிகும். 24 கிலோ எடையுள்ள ஆட்டையும் 240 கிலோ எடையுள்ள பசுவையும் ஒப்பிட்டால், பசு ஏறத்தாழ ஐந்தாறு ஆடுகளின் உணவைக் கொள்ளும். அவ்வாறு கொண்டும் நெய்க்கணக்கில் அது இரண்டு ஆடுகளுக்கே ஈடாயிற்று. ஏன்?

விலங்கு தின்னும் தீனி முதற்கண் அதன் உயிர்ப்புக்கும் உடற்சூட்டுக்கும் நடைக்கும் செலவாகும். இதனை உடற்காப்புத் தீனி எனலாம். அதற்கு மேற்பட்டதே பாலாகவும் இறைச்சியாகவும் உழைப்பாகவும் மாறும். மேய்ச்சல் மெலிந்த கோடையில் பெரிய உடல் படைத்த பசு உண்பது காப்புக்கே போதாது; உடலிற் சேர்த்து வைத்த கொழுப்பும் கரையும். செம்மறியோ அரிதாளிடையிலும் வரப்பிலும் கிடக்கும் குறும்புல்லைக் கரண்டித் தின்று தேறும். மேலும், பசுவின் பாலை அளவின்றிக் கறந்தால் நாளை ஏர் இழுக்க வேண்டிய காளைக்கன்று மெலியும். உழவுநாடு அதனைப் பொறுக்காது. பசுவின் பேரில் நெய்யைக் குறைத்து வைத்தவர்கள் கன்றின் பங்கை நினைத்தே வைத்தனர் என்பது என் கருத்து.

எருமையின் நிலை வேறு. அது பசுவினும் சிறிதே மிகுதியாகத் தின்னும். ஆனால் மும்மடங்கு நெய்க்குப் பொறுப்பாயிற்று. பசுவின் பாலில் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு கொழுப்பு இருக்க, எருமைப் பாலில் ஏழு எட்டுப் பங்கு உண்டு. கொழுப்பு மிகுதி ஒன்றே மும்மடங்கை விளக்காது எனினும், நீர் நிறைந்த காவிரிக் கழிமுகத்தில் சேற்றுப் புல்லையும் வைக்கோலையும் நம்பி வாழவல்ல விலங்கு அதுவே என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

வைக்கோலைப் பற்றி ஒன்று கூறவேண்டும். நெல் விளையும் நாட்டில் தீனிக்குக் குறைவில்லை என்று கருதுவோர் பலர். நெல்வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே உண்டு, மணற்சத்து மிகுதி. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் முதல் அறையிலே வாழும் நுண்ணுயிர்களே நார்ப்பொருளைச் சிதைத்து அசெட்டிக் அமிலம் முதலியவற்றை உண்டாக்குகின்றன. பாற்கொழுப்பின் ஒரு பெரும்பகுதி அவ்வமிலத்திலிருந்தே தோன்றுகிறது. ஆனால் அந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்குப் புரதம் வேண்டும். வைக்கோலை மட்டும் தின்னும் மாடு வயிறு நிறைந்தும் மெலிவது இதனாலேயே. பச்சைப்புல்லோ தவிடோ பிண்ணாக்கோ உடன்சேர்ந்தால்தான் வைக்கோல் உணவாகும். ஆகவே கோயில் விளக்கின் நெய் வயலிலிருந்து மட்டும் வந்திருத்தல் இயலாது. புல்வெளியிலிருந்தும் வந்தாக வேண்டும்.

அப்புல்வெளி எங்கே? நெய்க்கொடைக் கல்வெட்டுகளில் தீனியைப் பற்றிய பேச்சில்லை. ஊர்க்கொடைச் சாசனங்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். மன்று, குளம், புற்று ஆகியவற்றோடு ‘கன்றுமேய்பாழ்’ என்பதும் அங்கே எண்ணப்படுகிறது. பாழ் என்பதற்கு இன்று நாம் கொள்ளும் அழிவுப் பொருளை அங்கு ஏற்றுதல் பொருந்தாது. ஏர் படாமையே பாழ், பயன்படாமை அன்று. கன்று மேய்வதென்னும் அடைமொழியே பயனைச் சொல்லிவிடுகின்றது. ஒரு சாசனம் விலங்கையும் நெய்யையும் கணக்கிட, மற்றொரு சாசனம் புல்லுக்கு இடம் வகுத்தது. இரண்டையும் ஒருங்கு வைத்துப் படிப்பவர்க்கே 96 என்னும் எண் எதனை நம்பி எழுதப்பட்டது என்பது விளங்கும்.

ஐரோப்பாவில் இக்கணக்கு தீனியின் பக்கத்திலிருந்து தொடங்கிற்று. செருமானிய அறிஞர் ஆல்பிரெக்ட் தேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லாத் தீனிகளையும் உலர்புல்லின் எடைக்கு ஈடாக்கிக் காட்டினார். எமில் வோல்ஃப் 1864இல் செரிக்கும் சத்துகளைக் கொண்டு தீனி அளவுகளை வகுத்தார். நம் நாட்டுக் கணக்கோ விளைவின் பக்கத்தில் நின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரிக் கணக்கே ஊர்நிலத்தின் அளவுகோலாயிற்று. வரி தாராத நிலம் புறம்போக்கு என்றும், பயிரேறாத நிலம் தரிசு என்றும் எழுதப்பட்டன. மேய்ச்சற் புறம்போக்கு எனத் தனியே ஒரு வகை இருந்தும், ‘கன்றுமேய்’ என்னும் அடைமொழி நீங்கிப் பாழ் மட்டும் எஞ்சியது போன்ற நிலையே ஏற்பட்டது. மனைகளும் வயல்களும் அந்நிலத்தில் ஏறின.

கொங்குநாட்டில் காங்கயம், தாராபுரம் வட்டாரங்களின் வழக்கம் இதற்கு மாறானது. அங்கே உழவர் தம் சொந்த நிலத்திலேயே கொழுக்கட்டைப் புல்லை நிலைபெறச் செய்து, முட்கிளுவையால் வேலி அடைத்து, இடையிடையே வெள்வேல் மரங்களை விட்டுவைக்கின்றனர். அதற்குக் கொறங்காடு என்று பெயர். காடு என்பது அந்நாட்டு வழக்கில் மானாவாரிப் பயிர்நிலத்தையும் குறிக்கும். கோடையில் புல் காய்ந்த காலத்து வெள்வேலின் நெற்றுகள் தீனியாகின்றன. காங்கய மாடும் எருமையும் செம்மறியுமாகிய மூன்றும் இன்றும் அவ்வேலிக்குள் மேய்கின்றன.