உள்ளூராட்சியும் பிரதேசப் பொருளாதார அபிவிருத்தியும்: இலங்கை அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் உள்ளூராட்சி வரலாறு பெரும்பாலும் அரசியல் வரலாற்றின் ஒரு கிளையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதிகாரப் பரவலாக்கம், இனப்பிரச்சினை, அரசியல் யாப்பு ஆகிய தலைப்புகளின் கீழ் அது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஆயின், ஒரு பிரதேசத்தின் உற்பத்தியைப் பெருக்கவல்ல கருவி என்ற வகையில் அதனை நோக்கியோர் சிலரே. உள்ளூர்ச் சபைகளிடம் பொருளாதார அபிவிருத்திப் பணி எத்தகைய நிதி வளத்துடன் ஒப்படைக்கப்பட்டது என்னும் வினாவை 1957, 1971, 1981 ஆகிய ஆண்டுகளின் மூன்று முயற்சிகளைக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

1. குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற மரபு

1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் வயல் நீரைப் பங்கிடும் பழைய வழக்காறுகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. 1871இல் வந்த சட்டம் கிராமச் சபைகளுக்கு உயிரூட்டியது. குளம், வாய்க்கால், ஒழுங்கை, சிறு வழக்கு என்பவற்றோடு அவற்றின் எல்லை முடிந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தோன்றிய மாநகர சபைகளும் துப்புரவு, தெருவிளக்கு, வீதி என்பவற்றையே பிரதானமாகக் கவனித்தன. பெருந்தோட்டப் பொருளாதாரத்துக்கு வேண்டிய புகையிரதப் பாதையும் துறைமுகமும் மத்திய அரசின் பொறுப்பிலேயே இருந்தன. உற்பத்திக்கான மூலதனம் மத்திக்கு, துப்புரவு உள்ளூருக்கு என்ற இவ்வேலைப் பிரிவினை சுதந்திரத்தின் பின்னரும் மாறவில்லை.

1939இன் நகர சபைச் சட்டம், 1946இன் பட்டின சபைச் சட்டம், 1947இன் மாநகர சபைச் சட்டம் ஆகியன இம்மரபையே ஒழுங்குபடுத்தின. சோலைவரி, சந்தைக் குத்தகை, அனுமதிக் கட்டணம், அரசாங்க நன்கொடை ஆகியனவே சபைகளின் வருவாய். இவ்வருவாயைக் கொண்டு சந்தையொன்றையோ நூலகமொன்றையோ நிறுவலாம். தொழிற்சாலையொன்றை நிறுவுதல் இயலாது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மத்திய அரசின் முயற்சியே. அன்றியும், கிராமச் சங்கங்கள் பல இடங்களில் நிலவுடையோரினதும் உயர்சாதியினரினதும் கைகளில் இருந்தமையையும் மறத்தலாகாது. அதிகாரம் ஊருக்கு வந்தபோதெல்லாம் அது உழைப்போரிடம் வந்து சேர்ந்தது எனக் கொள்வதற்கில்லை.

2. நிறைவேறாத 1957

1957 யூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் மொழிப் பிரச்சினையின் தீர்வாகவே நினைவுகூரப்படுகின்றது. அதன் பொருளாதார உள்ளடக்கமோ இன்னும் கூர்மையானது. விவசாயம், கூட்டுறவு, காணி அபிவிருத்தி, குடியேற்றம், கைத்தொழில், மீன்பிடி, மின்சாரம், நீர் விநியோகம், வீதி ஆகியன பிரதேச சபைகளிடம் கையளிக்கப்படவிருந்தன. மத்திய அரசு மொத்த நன்கொடை வழங்கும் என்றும், வரி விதிக்கவும் கடன் பெறவும் சபைகளுக்கு அதிகாரம் உண்டு என்றும் அதிற் கூறப்பட்டது. பொறுப்பும் அதற்கேற்ற நிதியும் ஒருசேர முன்வைக்கப்பட்டமையே இதன் சிறப்பு. 1958 ஏப்ரிலில் எதிர்ப்பின் முன் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1968இல் வெள்ளையறிக்கையாக வெளியான மாவட்ட சபைத் திட்டம், மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாக அமைந்திருந்தும், நிறைவேறவில்லை.

3. 1971: பிரதேச அபிவிருத்திச் சபைகள்

1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் இப்பிரச்சினையை வேலையின்மையின் கோணத்தில் அணுகியது. 1971 ஏப்ரில் கிளர்ச்சி அத்தேவையை மேலும் அவசரமாக்கியது. காரியாதிகாரி பிரிவுதோறும் அமைக்கப்பட்ட பிரதேச அபிவிருத்திச் சபைகளிற் கிராமச் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் முதலியவற்றின் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் இடம்பெற்றனர். உள்ளூர் மூலப்பொருளையும் உழைப்பையும் பயன்படுத்தும் சிறு கைத்தொழில்கள், பண்ணைகள், மீன்பிடித் திட்டங்கள் கூட்டுறவு முறையில் தொடங்கப்பட்டன. சாதாரண மக்களின் அமைப்புகளை உற்பத்தித் திட்டமிடலில் ஈடுபடுத்திய இம்முயற்சி பாராட்டற்பாலதே. ஆயினும், திட்டம் ஊரிற் பிறந்தாலும் அதன் அங்கீகாரமும் பணமும் கொழும்பிலுள்ள திட்டமிடல் அமைச்சிலிருந்தே வரவேண்டியிருந்தன. 1977இன் ஆட்சி மாற்றத்தோடு இம்முயற்சி கைவிடப்பட்டது.

இதே காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரரின் வாழ்வை மாற்றியது எந்தச் சபையுமன்று, இறக்குமதிக் கொள்கையே. 1970களின் முற்பகுதியில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளால் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. கிணற்று நீரை இறைத்துப் பயிரிட்ட குடும்பங்கள் கல்வீடு கட்டின. 1977இன் பின் வந்த தாராள இறக்குமதி அவ்விலையைச் சரித்தது. விலை ஏறியபோதும் இறங்கியபோதும் அப்பிரதேசத்தின் எந்தச் சபையும் கலந்தாலோசிக்கப்படவில்லை. பிரதேசப் பொருளாதாரத்தின் திறவுகோல் எங்கிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. 1981: மாவட்ட அபிவிருத்திச் சபைகள்

விக்டர் தென்னக்கோன் தலைமையில் 1979இல் அமைந்த ஆணைக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1980இன் 35ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டம் நிறைவேறியது. அவ்வாணைக்குழுவில் அங்கம் வகித்த நீலன் திருச்செல்வம் பெரும்பான்மை அறிக்கையிலிருந்து வேறுபட்டுத் தமது கருத்தைத் தனியே பதிவு செய்தமை குறிப்பிடத்தக்கது. சட்டத்தின் அட்டவணையில் விவசாயம், மீன்பிடி, கூட்டுறவு, சிறு கைத்தொழில் போன்ற துறைகள் இருந்தன. ஆனால் சனாதிபதியால் நியமிக்கப்பட்ட மாவட்ட அமைச்சரே நிருவாகக் குழுவில் முதன்மை பெற்றார். ஆளுங்கட்சிக்கு உறுப்பினரே இல்லாத மாவட்டத்துக்கு அவர் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. வரியும் கடனும் மத்தியின் ஒப்புதலுக்கு உட்பட்டன.

இச்சபைகள் தோன்றியபோது 83 பட்டின சபைகளும் 549 கிராமச் சபைகளும் நீக்கப்பட்டன. மக்களுக்கு மிக அண்மையில் இருந்த 632 சபைகளின் இடத்தில் 24 மாவட்டச் சபைகள் வந்தன. பரவலாக்கம் என்ற பெயரால் நிகழ்ந்தது உண்மையிற் குவிப்பே எனலாம்.

1981 யூன் 4இல் தேர்தல் நடைபெற்றது. அதற்குச் சில நாட்களின் முன், மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்கள் ஓர் இனத்தின் பண்பாட்டுச் சொத்து என்பது உண்மை. அந்நூலகம் மாநகர சபையொன்று பேணி வளர்த்த பொதுச் சொத்து என்பதும் அதேயளவு உண்மை. உள்ளூராட்சி தன் சொற்ப வளத்தைக் கொண்டு எதனை ஆக்கக்கூடும் என்பதன் மிகச் சிறந்த சான்று, அபிவிருத்திச் சபைத் தேர்தற் காலத்திலேயே சாம்பலாயிற்று.

5. முடிவாக

1957இன் திட்டத்தில் நிதி அதிகாரம் இருந்தது, அது நிறைவேறவில்லை. 1971இலும் 1981இலும் திட்டங்கள் நிறைவேறின. நிதி அதிகாரம் அவற்றில் இல்லை. உள்ளூர்ச் சபைகளுக்குத் திறமை போதாது, ஊழல் மலிந்துவிட்டது என்ற வாதம் முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், கருவி வழங்கப்படாதவனைத் தொழில் தெரியாதவன் எனத் தீர்ப்பிடுவது வரலாற்று நீதியாகாது.

1987இன் மாகாண சபைகளும், 1988 தொடக்கத்திலிருந்து இயங்கத் தொடங்கிய பிரதேச சபைகளும் அமைப்பை மாற்றின. திறைசேரியோடுள்ள உறவை மாற்றவில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தபோது, தேர்தலுக்குப் பணமில்லை எனத் திறைசேரி கையை விரித்தது. 2025 மே 6இலேயே வாக்களிப்பு நடந்தது. அபிவிருத்திக்கு நிதி கேட்டு நின்ற சபைகள், இம்முறை தாம் உயிரோடிருப்பதற்கே நிதிக்குக் காத்திருந்தன. அட்டவணையில் எத்தனை துறைகள் உள்ளன என்பதை விடுத்து, எத்தனை ரூபாவை மேலிடத்து அனுமதியின்றிச் செலவிடலாம் என வினவுதலே இனிவரும் ஆய்வாளரும் மக்கள் இயக்கங்களும் செய்யவேண்டுவதாகும்.